அந்தக் கடிதம் என்னுடையதுதான்

செவ்வாய்க்கிழமை நம் நெசவாளர் கூட்டத்தில் நடந்ததை அங்கே இருந்தவர்களும், அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் ஓடியதைப் படித்தவர்களும் அறிவீர்கள். எனவே முழுக் கதையையும் மறுபடி எழுதப்போவதில்லை. பட்டு நூல் எடை குறைந்ததைப் பற்றி வியாபாரிக்கு நான் அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தை எல்லோர் முன்னிலையிலும் தூக்கிப் பிடித்து, “இது தம்பி எழுதினது இல்லை, மிஷின் எழுதினது” என்று பெரியவர் ஒருவர் சொன்னார், பலர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

அந்தக் கடிதம் என்னுடையது. 15 கிலோவுக்குப் பணம் கட்டினேன், தராசில் 14 கிலோ 200 கிராம்தான் நின்றது, பொதியைப் பிரித்தபோது உடனிருந்தவர்கள் இன்னார் என்ற விவரம் அத்தனையையும் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான். சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி அதை ஆங்கிலமாக்கியது. ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று, நான் சொல்லாத ஒரு வரியை அதுவாகவே கடைசியில் சேர்த்திருந்தது. நஷ்டப்பட்டவன் நான், எதற்கு வருந்த வேண்டும்? அந்த வரியை அடித்துவிட்டு, எண்களைத் தராசுச் சீட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன். அதில் பிழை இருந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவனும் நானே. ஒரு கடிதம் ஒருவனுக்குச் சொந்தமாக இதற்கு மேல் என்ன வேண்டும்?

நம்மிலேயே ஆடிட்டர் அலுவலகத்தில் கடிதம் எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகனுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி, அவர் எழுதி அனுப்புவதில் கையெழுத்து மட்டும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கடிதத்தை உயர்த்திப் பிடித்து, எழுதியது யார் என்று எவரும் கேட்டதில்லை. எழுதிக் கொடுக்க ஆள் வைத்திருப்பவருக்கு அது கௌரவம். ஆள் இல்லாதவன் கருவியைத் தொட்டால் திருட்டு என்றால், அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

என் அப்பா சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தால், பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, அவர் பூஜை முடித்து வரும்வரை காத்திருப்பார். அரை நாள் தறி நின்றுவிடும். எட்டு வயதில் ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன். அவர் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லை, போ” என்று திருப்பிக் கொடுத்தார். கடன் தவணைக்கான கடைசி அறிவிப்பு அது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நெசவாளனுக்கு எதற்கு இந்தக் கருவியெல்லாம் என்று கேட்கிறவர்கள், தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியை ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். டிசைனுக்கேற்பக் குத்திய அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், கொக்கி எழும், நீளவாக்கில் ஓடும் அந்தப் பாவு இழையை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செம்மைப்படுத்திய இந்தத் துளையட்டை முறையைத்தான் பின்னாளில் சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணக்கிடும் இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். கணினியின் வம்சத்தில் மூத்தது நம் தறி. பெட்டி வைத்து நெய்த புடவையைக் கையில் எடுத்து, இதை நெய்தது அட்டை, நெசவாளன் அல்ல என்று நம்மில் யாராவது என்றைக்காவது சொன்னதுண்டா?

சாட்ஜிபிடி பொய்யும் சொல்லும் என்று சிலர் குழுவில் எழுதியிருந்தீர்கள். சொல்லும். அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்துக் கோக்கிற கருவி அது. அறியாததையும் அறிந்ததுபோல் எழுதிவிடும். அதனால்தான் ஒத்துப் பார்க்கிறேன். ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ அதில் கொடுப்பதில்லை. மூளை மழுங்கிவிடும் என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நான் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டதே இந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

பலரின் வேலை போய்விடுமே என்று கேட்கிறவர்களிடம் மட்டும் என்னால் அடித்துப் பேச முடியாது. கட்டத்தாளில் டிசைன் வரைந்து, அதைப் பார்த்து அட்டை குத்திக் கொடுத்த அண்ணன் ஒருவர், கணினி டிசைன் வந்தபின் கடையை மூடிவிட்டு இப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார். அவர் எதிரில் நின்று இவ்வளவு நியாயம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் செவ்வாய்க்கிழமை சிரித்தவர்கள் அவரை நினைத்துக்கொண்டு சிரிக்கவில்லை. இவனுக்கு எதற்கு ஆங்கிலக் கடிதம் என்ற எண்ணமே அந்தச் சிரிப்பில் இருந்தது. அதே பார்வையை அந்தத் திண்ணையில் என் அப்பா மீது விழக் கண்டவன் நான்.

போன மாதம் வங்கியிலிருந்து மறுபடி ஒரு கடிதம் வந்தது. கணக்கு எண் இருந்த மேற்பகுதியை மடித்துவிட்டுக் கைப்பேசியில் படம் எடுத்து, தமிழில் சொல்லச் சொன்னேன். வட்டி விகித மாற்றம், அதற்குப் பதில் அனுப்ப வேண்டிய கடைசித் தேதி இரண்டையும் அது சொன்னது. தேதியைக் கடிதத்திலும் பார்த்து உறுதி செய்துகொண்டேன். அப்பா தறியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தத் தேதியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுப்பா” என்றார்.