திபோர்ட்ஸை வெட்டாதீர்கள்

புடாபெஸ்டில் நான் குடியிருக்கும் கட்டடம் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. நடுவில் முற்றம், சுற்றிலும் இரும்புக் கிராதி போட்ட நடை, லிஃப்ட் கிடையாது. நாலாவது மாடியில் எனக்கு எதிர்வீட்டில் ஒரு நேனி இருக்கிறார். வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். எண்பது தாண்டியவர். ஒரு காலத்தில் ஓபராவே (கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்துகிற மேடை நாடகம்) கதியென்று இருந்தவருக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை, டாக்டரைப் பார்க்க மட்டும்தான் படி இறங்குகிறார். "வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதெல்லாம் ஓபராவா?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருவது இவரை நினைத்துத்தான்.

அப்புறம், வீட்டிலிருந்தே ஓபரா கேட்பது இந்த ஊருக்குப் புதுசும் இல்லை. 1893ல் புஷ்காஷ் திவதர் என்பவர் இங்கே டெலிஃபோன் ஹிர்மொண்டோ என்று ஒரு சேவையைத் தொடங்கினார். டெலிபோன் கம்பி வழியாகப் பகலில் செய்தி, பங்குச்சந்தை விலை, மாலையில் ஓபரா. சந்தா கட்டியவர்கள் வீட்டிலேயே குழலைக் காதில் வைத்துக் கேட்டார்கள். ரேடியோ வருவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் இது! தொடங்கின அடுத்த மாதமே புஷ்காஷ் இறந்துபோனார், ஆனால் சேவை நிற்கவில்லை, சில வருஷங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நேனியின் வீட்டில் என் லேப்டாப்பை வைத்து 'பாங்க் பான்' ஓபராவின் முக்கியக் காட்சிகள் என்று ஒரு ஒளிபரப்பு பார்த்தோம். பாங்க் என்பது ஆளின் பெயர், பான் என்பது ஆளுநர் மாதிரியான பதவி. எர்கெல் ஃபெரென்ஸ் இசையமைத்தது, 1861 மார்ச்சில் பெஸ்ட் நகரத்தின் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) தேசிய நாடக அரங்கில் முதலில் மேடையேறியது. ஹங்கேரியின் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்தவரும் இவர்தான். இந்த நாட்டின் தேசிய ஓபரா எது என்று யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

கதை 1213ல் நடக்கிறது. அரசர் போருக்குப் போயிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த அரசி கெர்த்ரூத் தன் ஆட்களுக்கு நாட்டை அள்ளிக் கொடுக்கிறாள், அவளுடைய தம்பி, பாங்க்கின் மனைவி மெலிந்தாவின் மானத்தைக் குலைக்கிறான். கடைசியில் பாங்க் அரசியைக் கொல்கிறான், மெலிந்தா சித்தம் கலங்கித் திஸா ஆற்றில் குழந்தையோடு விழுகிறாள்.

ஒளிபரப்பில் 'ஹஸாம், ஹஸாம்' வந்தது. 'என் நாடே, என் நாடே' என்று பாங்க் தனியாக நின்று பாடுகிற பாட்டு. நேனி கூடவே முணுமுணுத்தார். பாட்டு முடிந்தது, கைதட்டல், திரை இருண்டது, அடுத்து நேராக அரசியின் அறை, கத்திக்குத்து. நேனி என் பக்கம் திரும்பி, "திபோர்ட்ஸ் எங்கே?" என்றார்.

திபோர்ட்ஸ் ஒரு கிழக் குடியானவன். 'ஹஸாம்' முடிந்த கையோடு வந்து நிற்பவன் அவன்தான். நாடே என்று பாடி முடித்தவன் முன்னால் அந்த நாட்டின் பசி வந்து நிற்கிறது. உழுதவன் வீட்டில் சோறில்லை, வந்தேறிகள் கொழுக்கிறார்கள் என்று அவன் சொல்லச் சொல்லத்தான் பாங்க்கின் சொந்த அவமானமும் ஊரின் துயரமும் ஒன்றாகின்றன. இதை வெட்டிவிட்டால் மனைவிக்காகப் பழிவாங்கிய ஒரு கணவன்தான் மிஞ்சுவான், அதற்கா தேசிய ஓபரா என்று பெயர்? 1848 மார்ச் 15ல் புரட்சி வெடித்த அன்று மாலை இந்த ஓபராவுக்கு மூலமான கத்தோனா யோஜெஃபின் நாடகத்தைத்தான் மேடையேற்றச் சொல்லிக் கூட்டம் கேட்டது. பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்ததும் அந்த வருஷம்தான். அதற்குப் பிறகு, அப்போது ஹங்கேரியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சம் புரட்சியை நசுக்கியது. ஓபராவுக்குப் பாடல் எழுதிய எக்ரெஷி 1851லேயே இறந்துவிட்டார், மேடையில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. இவ்வளவையும் தாங்கி நிற்கிற காட்சி அது, வேகம் குறைவு என்று தூக்கிப்போடுகிற காட்சியா?

சுருக்கித் தருவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஓபராவுக்குள் நான் நுழைந்ததே பத்து நிமிடத் துண்டு ஒன்றின் வழியாகத்தான். ஆனால் பாட்டுப் பாட்டாகப் பொறுக்காமல் காட்சியாக எடுங்கள். 'ஹஸாம்', அதோடு திபோர்ட்ஸ், அதோடு மெலிந்தாவைக் குழந்தையுடன் திபோர்ட்ஸிடம் ஒப்படைத்து பாங்க் அனுப்பிவைக்கிற இடம், இது மூன்றும் ஒரே மூச்சில் வரவேண்டும். மற்றதைக் குறையுங்கள், பரவாயில்லை. வசனத்தைத் திரையின் கீழே போடுங்கள். என் ஹங்கேரியன் கடையில் காய் வாங்குகிற அளவுக்குத்தான், வார்த்தை புரியாமல் திபோர்ட்ஸைக் கேட்டால் அவன் எனக்கும் நீட்டி முழக்குகிற கிழவனாகத்தான் தெரிந்திருப்பான்.

இன்னொன்று, சத்தம். மெலிந்தாவுக்கு எர்கெல் சிம்பலோம் வைத்திருக்கிறார், நம்மூரில் சந்தூர் கேட்டவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், குச்சியால் தட்டி வாசிக்கிற கம்பி வாத்தியம். மேற்கத்திய ஓபரா இசைக்குழுவுக்குள் அந்த நாட்டு வாத்தியம் நுழைகிற இடம் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். லேப்டாப் ஸ்பீக்கரில் அது காணாமலே போய்விட்டது. தயவுசெய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அன்று வீடியோவை நிறுத்திவிட்டு நேனி திபோர்ட்ஸின் பகுதியைத் தானே பாடிக் காட்டினார். ஆண் குரலுக்கு எழுதியது, மூச்சு வாங்கியது, பாதியில் வரி மறந்து திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முழு ஓபராவையும் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். நல்ல ஸ்பீக்கர் ஒன்று இரவல் வாங்கியாயிற்று.