அம்மாயியின் பழைய நம்பர்

வெள்ளகோவில் பக்கம் எங்கள் அம்மாயிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, மூணு ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. மத்திய அரசு விவசாயிகளுக்குப் பணம் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் வருசத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வந்துகொண்டிருந்தது. மாத்திரை, எருமைக்குப் பருத்திக்கொட்டை எல்லாம் அதில்தான். திடீரென்று நின்றுபோனது.

விசாரித்தால், ஆதார் சரிபார்ப்பு முடியவில்லையாம், ஓடிபி வேண்டுமாம். அது போகிற நம்பர், மாமா எப்போதோ வாங்கிக் கொடுத்த சிம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் கைமாறிவிட்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், முன்பின் தெரியாத ஒரு பையன் எடுத்தான். சரி, கைரேகை வைக்கலாம் என்று பொது சேவை மையத்துக்குக் கூட்டிப்போனோம். அறுபது வருசம் கடலைக்கொடி பிடுங்கிய, பால் கறந்த விரல். நாலு தடவை வைத்தும் மெஷின் ஏற்கவில்லை.

"நான் இங்கயேதான் உக்காந்திருக்கறேன், என்ற மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா சாமி?" என்று அம்மாயி கேட்டார். அங்கே ஒருவரிடமும் பதில் இல்லை.

செல்போனில் அரசு சேவை வருவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பட்டா நகலுக்குத் தாலுகா ஆபீசுக்கு பஸ் ஏறிய காலம் நினைவிருக்கிறது. இன்று போனிலேயே இறக்கிக்கொள்கிறோம். ரேஷனில் பில் போட்டதும் வருகிற குறுஞ்செய்தியை அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். பட்டன் போனுக்கும் வரும். வாங்காத சர்க்கரைக்குப் பில் விழுந்தால் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

ஆனால் நம்பரை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்பது என்றால் எப்படி? ப்ரீபெய்டு சிம் 90 நாள் சும்மா கிடந்தால் துண்டிக்கப்படலாம், அப்புறம் அதே நம்பர் இன்னொருவருக்குப் போகும். நம் பக்கம் எத்தனை பெரியவர்கள் மகன் நம்பரையோ, திருப்பூருக்கு வேலைக்குப் போன பேத்தி நம்பரையோ கொடுத்து வைத்திருக்கிறார்கள்! அவர்கள் ஷிப்டில் இருக்கும் நேரத்தில் ஓடிபி வந்தால் அவ்வளவுதான்.

2023 ஜூனிலேயே பி.எம். கிசான் செயலியில் முகம் காட்டிச் சரிபார்க்கும் வசதி வந்துவிட்டது. ஓடிபியும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம். ஒரு விவசாயி தன் போனில் இன்னும் 100 பேருக்குச் செய்து தரலாம். அலைந்து முடித்த பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது. மையத்தில் யாரும் சொல்லவில்லை என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. மாமா போனில், திண்ணையில் உட்கார வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னோம். ரெண்டு நிமிசம். நின்ற தவணையும் பிறகு வந்து சேர்ந்தது.

ஓடிபி வராவிட்டால் அடுத்த வழி என்ன என்று அதே திரையில் தமிழில் சொல்லுங்கள். எந்த வழியும் அடைபட்டால் வி.ஏ.ஓ. நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வையுங்கள். எல்லாத் துறைக்கும் இதைத்தான் கேட்கிறேன்.

வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது கிசான் தவணை இப்படி நின்றிருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மாமாவும் தோட்டத்தில்தான் இருப்போம். நடக்க முடியாதவர் என்றால் போனை எடுத்துக்கொண்டு நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.