எதற்கு ஓகே?

படம் எப்படி என்று கேட்டால் 'ஓகே' என்கிறார்கள். சுமார் என்று அர்த்தம். தடுக்கி விழுந்தவரிடம் 'ஓகேவா?' என்றால் அடிகிடி படவில்லையே என்று அர்த்தம். மேலாளர் லீவை ஓகே செய்தார் என்றால் அனுமதி. போனில் ஒருவர் 'ஓ...கே' என்று இழுத்தால், பேசினது போதும், வைக்கலாம் என்கிறார்.

இந்தச் சொல் பிறந்ததே கிண்டலில்தான். 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று தப்பாக எழுதி, அதன் ஆங்கில முதலெழுத்துகளான ஓ, கே இரண்டையும் 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழ் அச்சிட்டது. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அப்படி ஒரு பைத்தியம். மறு வருடத் தேர்தலில், கிண்டர்ஹுக் ஊர்க்காரரான அதிபர் மார்ட்டின் வான் ப்யூரனை 'ஓல்ட் கிண்டர்ஹுக்' ஆக்கி, ஆதரவாளர்கள் ஓகே ஓகே என்று கோஷம் போட்டார்கள். அவர் தோற்றுப்போனது வேறு கதை.

என்னைக் கேட்டால், ஓகேக்கு 'காதில் விழுந்தது' என்பதைத் தாண்டி நிச்சயமான அர்த்தம் கிடையாது. சம்மதம், பாராட்டு எல்லாம் கேட்பவர் தானாகப் போட்டுக்கொள்வது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் இதைப் பாருங்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. ஓடுபாதையில் கடும் மூடுபனி. அனுமதி கிடைக்காமலே ஓடத் தொடங்கிய, நெதர்லாந்தின் கேஎல்எம் விமானத்திலிருந்து துணை விமானி, டேக்ஆஃப் நிலையில் இருக்கிறோம் என்கிற மாதிரி ரேடியோவில் சொல்கிறார். விமான நிலையக் கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்கிறார். சற்று நிறுத்தி, 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்றும் சொல்கிறார். அதே நொடியில் அமெரிக்காவின் பான் ஆம் விமானமும் பேச, இரண்டு குரலும் மோதி, கேஎல்எம் விமானிகளுக்குக் கேட்டது கீச்சென்ற இரைச்சல். தெளிவாக விழுந்தது அந்த ஓகே மட்டும்தான். அதே ஓடுபாதையில் எதிரே பான் ஆம் வந்துகொண்டிருந்தது. இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அந்த ஒரு சொல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பனி, கேப்டனின் அவசரம், பான் ஆம் திரும்பவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது என்று பல. ஆனாலும் அதற்கப்புறம் விமானத் துறை பேச்சு முறையையே இறுக்கியது. ஓடுபாதை உத்தரவுக்கு ஓகே என்றோ 'ரோஜர்' (சொன்னது கிடைத்தது) என்றோ மட்டும் பதில் சொன்னால் செல்லாது. கேட்ட உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அனுமதி தரும் நேரமோ அதை ரத்து செய்யும் நேரமோ தவிர, 'டேக்ஆஃப்' என்ற சொல்லையே எடுக்கக் கூடாது.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் உயிர் போகாது, சரி. ஆனால் 'வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவீர்களா, இல்லை திங்கள் வரை ஆகுமா?' என்ற கேள்விக்கும் ஓகே என்று பதில் வருகிறதே! நான் விடுவதில்லை, 'எதற்கு ஓகே?' என்று கேட்டுவிடுவேன். அதற்கும் கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.