தடை போட்டால் ஆய்வு சுத்தமாகிவிடுமா?

ஆய்வு மாணவர்களிடம் நாம் எடுத்த எடுப்பிலேயே சொல்லும் விதி ஒன்று உண்டு: "துணைநூற்பட்டியலில் விக்கிப்பீடியா இருக்கக் கூடாது." விதியில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதால் அதைவிட மோசமான ஒரு பழக்கத்தை நாமே வளர்த்துவிடுகிறோம்.

மாணவர் படிப்பது என்னவோ விக்கிப்பீடியாவைத்தான். எழுதும்போது அதன் பெயரை மறைத்துவிட்டு, கட்டுரையின் அடியில் கொடுத்திருக்கும் நூலின் பெயரையும் பக்க எண்ணையும் அப்படியே தன் அடிக்குறிப்பில் போட்டுக்கொள்கிறார். அந்த நூலை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நெறியாளருக்கோ திருப்தி: பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் மென்பொருளில் ஓட்டி, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018ஆம் ஆண்டு விதிப்படி பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அந்த மென்பொருள் ஒத்துப்போகும் வாக்கியங்களைத்தான் தேடும். படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டியிருப்பதை அது எப்படிப் பிடிக்கும்?

இதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்பவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் இருந்த 'பிச்சோலிம் போர்' கட்டுரையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1640-41இல் கோவாவின் போர்த்துகீசியருக்கும் மராத்தியப் பேரரசுக்கும் நடந்த போர் என்று 2007இல் ஒருவர் விரிவாக எழுதினார். பிச்சோலிம் வடகோவாவில் நிஜமாகவே இருக்கும் ஊர். போர் மட்டும் நடக்கவே இல்லை. கட்டுரையில் சான்று காட்டிய நூல்களும் இல்லாத நூல்கள். ஆனாலும் அதே ஆண்டில் அதற்கு, விக்கிப்பீடியா பயனர்களே தரம் பார்த்துக் கொடுக்கும் 'நல்ல கட்டுரை' என்ற தகுதி கிடைத்தது. 2012 இறுதியில் நீக்கப்படும்வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே இருந்தது.

இத்தனைக்கும் சிவாஜி பிறந்தது 1630இல், முடிசூடியது 1674இல். 1640இல் எங்கே மராத்தியப் பேரரசு? கொஞ்சம் வரலாறு தெரிந்தவர் நின்று யோசித்திருந்தாலே போதும். அடிக்குறிப்பு கனமாக இருந்ததால் யாரும் யோசிக்கவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் யாராவது ஒரு மாணவர் நான் மேலே சொன்ன வழியில் 'சான்று' எடுத்திருந்தால், உலகத்திலேயே இல்லாத நூல் ஓர் ஆய்வேட்டுக்குள் போயிருக்கும். அடுத்து வருபவர் அந்த ஆய்வேட்டைச் சான்றாகக் காட்டுவார். அதன்பிறகு அந்தப் பொய்யை எங்கிருந்து பிடுங்குவது?

பிச்சோலிம் பொய்யைக் கண்டுபிடித்தவர் பேராசிரியரோ மதிப்பீட்டுக் குழுவோ அல்ல. விக்கிப்பீடியாவில் எழுதும் ஒரு பயனர்தான். அந்த நூல்களைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை, கேள்வி எழுப்பினார். அவ்வளவுதான். ஆய்வாளர் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

விக்கிப்பீடியாவுக்குப் பரிந்து பேசுபவர்கள் 2005இல் 'நேச்சர்' இதழ் செய்த ஒப்பீட்டைச் சொல்வார்கள். 42 அறிவியல் கட்டுரைகளில் விக்கிப்பீடியாவில் 162 பிழை, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் 123. பிரிட்டானிக்கா அதைக் கடுமையாக மறுத்தது, அது வேறு கதை. ஆங்கில அறிவியல் கட்டுரைகளை வைத்து வந்த முடிவை நம் ஊர்க் கோயில் வரலாற்றுக்கும் சாதி வரலாற்றுக்கும் நீட்ட முடியாது என்பதே என் கவலை. தெற்காசியச் சாதிகள் பற்றிய பக்கங்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவே தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது என்றால், அங்கே எவ்வளவு இழுபறி நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அதனால் படிக்காதே என்று சொல்வதில் பயனில்லை. எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுங்கள். கட்டுரைக்கு மேலே 'வரலாற்றைக் காட்டவும்' என்று இருப்பதை எத்தனை மாணவர்கள் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள்? யார், எந்தத் தேதியில், எந்த வரியைச் சேர்த்தார், யார் அதை நீக்கினார் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. உரையாடல் பக்கத்தில் சண்டையே நடந்திருக்கும். எந்தத் தகவல் சர்ச்சைக்குரியது என்று இவ்வளவு வெளிப்படையாக எந்த அச்சுக் கலைக்களஞ்சியமும் காட்டாது. இன்னொன்று, அச்சில் வந்த கலைக்களஞ்சியமானாலும் முனைவர் பட்ட ஆய்வுக்கு அது தொடக்கம்தான். தூரன் தலைமையில் வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் மேல் எனக்கு அளவுகடந்த மரியாதை உண்டு. அதில் படித்துவிட்டும் மூல நூலுக்குப் போகத்தான் வேண்டும்.

மூல நூல் கிடைப்பதில்லை என்ற சாக்கு முன்பு செல்லும். இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது, ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளம் இருக்கிறது, சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. தேடியும் கிடைக்காவிட்டால், இன்னாரின் நூலில் எடுத்தாளப்பட்டது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

நெறியாளர்களுக்கும் புறத்தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாய்மொழித் தேர்வுக்கு முன்பு ஆய்வேட்டிலிருந்து ஐந்து அடிக்குறிப்புகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். அந்தந்த நூலின் அந்தப் பக்கத்தை நகலாகவோ, கைப்பேசியில் எடுத்த படமாகவோ கொண்டுவரச் சொல்லுங்கள். கொண்டுவர முடியாத குறிப்பை நீக்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.