கோழி என்னுடையது இல்லை

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. "கோழிப் பண்ணை முதலாளி ஊரை நாறடித்துச் சம்பாதிக்கிறான்" என்று ஒரு அண்ணன் என்னைப் பற்றிச் சொன்னதும் கை தட்டினார்கள். அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் முதலாளி இல்லை. ஒரு கம்பெனிக்குக் கூலிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கிறவன். கொட்டகையில் இருக்கிற 5,000 கோழியில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி இறக்குவது. விற்பதும் கம்பெனிதான். கொட்டகை, கரண்ட், தண்ணீர், தரையில் விரிக்கிற தேங்காய் நார்த்தூள், ராத்தூக்கம், இதெல்லாம் என் பங்கு. கடையில் கறி என்ன விலை விற்றாலும் எனக்கு வளர்ப்புக் கூலி கிலோவுக்கு 6 ரூபாய் 50 காசு. நாற்பது, நாற்பத்தைந்து நாள் வளர்த்தால் அறுபதாயிரம் வரும். அதில் செலவும் வங்கித் தவணையும் போக வேண்டும்.

"விலை விழுந்தால் நஷ்டம் கம்பெனிக்குத்தானே, உனக்கென்ன?" என்பீர்கள். உண்மைதான், அதற்காகத்தான் சேர்ந்தேன். 2020 தொடக்கத்தில் கோழி தின்றால் கொரோனா வரும் என்று வதந்தி கிளம்பியபோது, சொந்தமாக வளர்த்தவர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனால் கோழி செத்தால் என் கூலியில் கை வைப்பார்கள். போன சித்திரையில் ஒருநாள் மதியம் கரண்ட் போய் மின்விசிறி நின்றது. நானும் என் மனைவியும் குடம் குடமாகக் கூரைமேல் தண்ணீர் ஊற்றினோம். சாயங்காலத்துக்குள் முந்நூறு கோழிக்கு மேல் போயிற்று. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அன்றைக்கு எவரும் என்னை முதலாளி என்று கூப்பிடவில்லை.

நாற்றம், ஈ பற்றிச் சொன்னார்கள். ஐப்பசி மழையில் சாரலடித்து, தரையில் எச்சம் கலந்து கிடக்கிற நார்த்தூள், அதாவது கோழிக் குப்பை, நனைந்து நான்கைந்து நாள் நாறியது. பக்கத்து வீட்டு ஆயா சோறு தின்ன முடியாமல் தவித்தது என் தப்பு, போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் தார்ப்பாய் கட்டினேன். தினமும் குப்பையைக் கிளறிக் காய விடுகிறேன். காய்ந்திருந்தால் நாற்றமும் ஈயும் அவ்வளவாக இருக்காது. முட்டைக்கோழிப் பண்ணையில் கூண்டுக்கடியில் மாதக்கணக்கில் எச்சம் குவியும், அது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள்.

ஊசி போட்டு ஊத வைக்கிறேனாம். ஐயாயிரம் கோழியைப் பிடித்து ஊசி போட யாரால் முடியும்? வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கச் சொட்டு மருந்து கண்ணில் விடுவோம், இல்லையென்றால் குடிதண்ணீரில் கலப்போம். கோழி சீக்கிரம் வளர்வதற்குக் காரணம் அந்த இனமும் தீவனமும். ஆன்டிபயாடிக் பற்றிக் கேளுங்கள், அது நியாயமான கேள்வி. கொலிஸ்டின் என்கிற ஆன்டிபயாடிக்கைக் கோழிக்கென்று தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று 2019இல் அரசே தடை போட்டது. அதைக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லையே.

ஆயிரம் அடி போர் வற்றிக் கடலைக் காடு காய்ந்தபோது இந்தக் கொட்டகையைப் போட்டேன். என்னோடு படித்தவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கப்பாவை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. எட்டாவது படிக்கிற என் மகளும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாள். "நம்ம கெட்டவங்களாப்பா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை கம்பெனி ஆட்கள் வளர்ந்த கோழியை ஏற்றிப் போகிறார்கள். தக்காளிக் காட்டுக்குக் கோழிக் குப்பை வேண்டுமென்று நான்கு பேர் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் அன்று கை தட்டியவர்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. டிராக்டரை வெளியே நிறுத்திவிட்டு, ஒருமுறை உள்ளே வந்து கொட்டகையைப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு போகட்டும்.