'பாபி' மகனுக்காக எடுத்த படமா?

இந்தி நடிகரும் இயக்குநருமான ராஜ் கபூர் தன் மகன் ரிஷி கபூரைச் சினிமாவில் அறிமுகம் செய்யவே 'பாபி' படத்தை எடுத்தார், அதுதான் ரிஷியின் முதல் படம் என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டுமே தவறு.

முதல் படம் விஷயம் எளிது. ராஜ் கபூர் எடுத்து 1970-இல் வந்த 'மேரா நாம் ஜோக்கர்' படத்திலேயே ரிஷி நடித்துவிட்டார். ஆசிரியை மேல் மனம் வைக்கும் பள்ளிச் சிறுவன் ராஜுவாக வருவார். சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. முதல் படம் 'பாபி' என்பது அதன் கதாநாயகி டிம்பிள் கபாடியாவுக்குத்தான் பொருந்தும்.

அறிமுகக் கதையை ரிஷியே பேட்டியில் மறுத்திருக்கிறார். நான்கு மணி நேரம் ஓடும் 'ஜோக்கர்' படுதோல்வி அடைந்து, ராஜ் கபூரைக் கடனில் தள்ளியது. அதை அடைக்கத்தான் ஒரு இளவயதுக் காதல் கதையை எடுத்தார். அன்றைய உச்ச நட்சத்திரம் ராஜேஷ் கன்னாவைப் போடக் கையில் பணமில்லை. அப்புறம்தான் வாய்ப்பு வீட்டுப் பிள்ளைக்கு வந்தது.

பணக்கார இந்துப் பையன், கோவாவைச் சேர்ந்த கிறிஸ்தவ மீனவரின் மகள். குவாஜா அகமது அப்பாஸ் எழுதிய இந்தக் கதை 1973 செப்டம்பரில் திரைக்கு வந்து பெரும் வெற்றி பெற்றது. இதை வெறும் வாரிசு அறிமுகமாகச் சுருக்கினால், விழுந்த இடத்திலிருந்து எழுந்த ஒரு கலைஞனின் துணிச்சல் மறைந்துபோகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.