'பை', 'அண்டில்' இரண்டும் ஒன்றல்ல

ஆங்கிலத்தில் 'பை'யும் (by) 'அண்டில்'லும் (until) ஒரே பொருள் தருபவை, நேரத்தைச் சொல்லும்போது எதை வேண்டுமானாலும் போடலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. நிறையப் பேர் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன், அது சரியில்லை.

ஒரு வேலை முடியவேண்டிய கடைசி நேரத்தைச் சொல்வது 'பை'. ஒரு நிலை எதுவரை தொடர்கிறது என்பதைச் சொல்வது 'அண்டில்'. 'சென்ட் இட் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும். புதன்கிழமையே அனுப்பினாலும் சரி, வெள்ளியன்று அனுப்பினாலும் சரி. 'வெயிட் அண்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிவரை காத்திருக்கவேண்டும், புதன்கிழமை எழுந்து போய்விட முடியாது.

குழப்பம் பெரும்பாலும் எதிர்மறை வாக்கியத்தில்தான் வருகிறது என்று நினைக்கிறேன். அங்கே இரண்டுமே இலக்கணப்படி பொருந்தும், ஆனால் பொருள் மாறிவிடும். 'ஐ வோன்ட் பி பேக் அண்டில் ஃபைவ்' என்பவர் ஐந்து மணிக்கு முன் வரமாட்டார், அதன் பிறகு எதிர்பார்க்கலாம். 'ஐ வோன்ட் பி பேக் பை ஃபைவ்' என்பவர் ஐந்து மணி ஆகியும் வந்திருக்கமாட்டார். அவரை ஐந்துக்கு எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் 'பை'க்கான பதிவில் காலம் பற்றிய பொருளைப் பாருங்கள்: அந்த நேரத்திலோ அதற்கு முன்போ என்றிருக்கும். அப்புறம் 'அண்டில்' பதிவையும் திறந்து ஒப்பிடுங்கள். அகராதி கையில் இல்லையென்றால், வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எதிர்மறை இல்லாத வாக்கியங்களில் 'க்குள்' பொருந்தினால் 'பை', 'வரை' பொருந்தினால் 'அண்டில்'.